எட்டில் ஏழு சய ஆறில் ஒன்று

ஜனவரி 13, திங்கள்

நாட்குறிப்பு எழுதுகிறவர்களை நான் நம்பியதில்லை. தன்னைப் பற்றித் தானே எழுதும்போது யாரும் முழுவதையும் எழுதுவதில்லை. ஆனாலும் சலவைக்கூடத்தின் பழைய பதிவுப் புத்தகம் ஒன்றில் பாதிக்கு மேல் வெற்றுத்தாள் கிடந்தது. எடுத்து இங்கே என் அலுமாரியில் வைத்திருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதில்லை. மதிய இடைவேளை அரை மணித்தியாலம். சாப்பிடப் பத்து நிமிடம் போதும்.

ஏப்ரல் 5ஆம் திகதி நர்சிங் கல்லூரியின் நுழைவுத் தேர்வை இரண்டாம் முறையாக எழுதுகிறேன். நவம்பரில் 52 எடுத்தேன். 60 வேண்டும். மூன்றாம் முறை கிடையாது. ஆங்கிலமும் விஞ்ஞானமும் கைகொடுத்தன. பின்னக் கணக்குகள், அதிலும் பகுதி வேறான பின்னங்களைக் கழிக்கும் கணக்குகள், விழுத்திவிட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியலில் சிறப்புப் பட்டம் எடுத்தவள் நான். ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினொரு வருடமாகப் படுக்கை விரிப்புகள் தோய்க்கிறேன். வயது நாற்பத்தெட்டு.

டிசம்பர் தொடக்கம் இவர் கற்பிக்கிறார். இவர் என்றால் என் கணவர், நடேசமூர்த்தி மாஸ்டர். ஊரில் ஏழாம் வகுப்பிலிருந்து பெரிய வகுப்புகள்வரை கணிதம் படிப்பித்தவர். பின்னேரம் ஆறு மணிக்குக் குசினி மேசையில் பத்துக் கணக்கு. பிழைத்த கணக்கு ஒன்றுக்குக் கோடு போடும் அடிமட்டத்தால் உள்ளங்கையில் ஒரு அடி. ஊர்ப் பள்ளிக்கூட வழக்கம்தான். பித்தளை விளிம்பு வைத்த அந்த மர அடிமட்டத்தைப் புடவைகளுக்கு நடுவே சுற்றி இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர். வழக்கத்தைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

நேற்று நாலு பிழை. நாலு அடி, இடது கையில். வலது கை எழுத வேண்டும் என்பதால் அதைத் தொடுவதில்லை. அந்த அளவில் கவனமானவர்.

விளக்கம் சொல்லும்போது குரல் மாறிவிடும். முப்பது வருடத்துக்கு முந்திய வகுப்பறை குசினிக்குள் வந்துவிடும். கழித்தலைச் ‘சய’ என்றுதான் சொல்வார். “பகுதி வேறயெண்டால் முதல் பகுதியை ஒண்டாக்கும். ஒண்டாக்காமல் கழிச்சால் அது கணக்கில்லை, களவு” என்றார். மேலே உள்ளதை மேலே உள்ளதிலிருந்தும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதிலிருந்தும் கழிக்கிற பொடியளை இருக்கிற வாங்கில் ஏற்றிவிட்டு அடிப்பாராம். அதிகம் வாங்கியவன் கிருபாகரன். இப்போது எங்கள் குடும்ப வைத்தியர். அவருடைய இடது சின்னவிரல் முழுதாக நிமிராது. போகும்போதெல்லாம் அதைக் காட்டி, “சேர் போட்ட கையெழுத்து அக்கா” என்று சிரிப்பார்.

ஜனவரி 28, செவ்வாய்

ஏழு பிழை. எனக்கு மூளை மங்குகிறதா என்று யோசித்தேன். செய்யும்போது சரியாகத்தான் படுகிறது.

பெப்ரவரி 3, திங்கள்

சனிக்கிழமை வாசலில் ஐஸில் வழுக்கி விழுந்தேன். இடது புருவத்துக்கு மேல் கொஞ்சம் வெடிப்பு. வேலை இடத்து மேல்மாடி நேர்ஸ் மார்லீன், ஜமேக்காக்காரி, என் வயதுதான், மருந்து போட்டு ஒட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து மழைதானே பெய்தது, ஐஸ் எங்கே இருந்தது என்று கேட்டாள். எங்கள் வாசலில் வெயில் படாது என்றேன். இன்று விரிப்புகள் 214. இரண்டாம் இயந்திரம் தண்ணீரை விடவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

நேற்றைய மூன்றாவது கணக்கு: எட்டில் ஏழு சய ஆறில் ஒன்று. பகுதியை இருபத்துநாலாக்கி, இருபத்தொன்றிலிருந்து நாலைக் கழித்து, இருபத்துநாலில் பதினேழு என்று எழுதினேன். சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு போட்டார். பக்கத்தில் 3 என்று எழுதினார்.

அந்த மூன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்திருக்கக்கூடாது. “இஞ்சருங்கோ, எட்டிலை ஏழெண்டால் ஒண்டுகூட இல்லையே. அதிலையிருந்து எடுத்தால் மூண்டு எப்பிடி வரும்?” என்று கேட்டேன்.

ஊறுகாய்ப் போத்தல் உடைந்து மணிக்கட்டு வெட்டுப்பட்டுவிட்டது. ஐந்து தையல். அடிமட்டமும் உடைந்துபோயிற்று. நெடுங்காலத்துப் பொருள்.

பெப்ரவரி 12, புதன்

கணக்குக் கொப்பியை வேலைக்குக் கொண்டுவந்தேன். சலவைத்தூள் பெட்டியின் மட்டையை நீளத் துண்டாக வெட்டி இருபத்துநாலு கட்டம் பிரித்தேன். எட்டில் ஏழு, இருபத்தொரு கட்டம். ஆறில் ஒன்று, நாலு கட்டம். வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணினேன். பதினேழு. திரும்பவும் எண்ணினேன். பதினேழு.

பிறகு இந்த மாதம் தொடங்கிய அந்தக் கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் சரிபார்த்தேன். சிவப்புக் கோடு போட்டவை முப்பத்தொன்று. அதில் பத்தொன்பது சரியான விடைகள். பல இடங்களில் மேலிருந்து மேல், கீழிருந்து கீழ் கழித்து வைத்திருக்கிறார். எந்தப் பிழைக்காகப் பொடியளை வாங்கில் ஏற்றினாரோ அந்தப் பிழை.

கடவுளைச் சந்தேகித்திருக்கிறேன். வானிலை அறிக்கையை, மந்திரிமாரை, வைத்தியர் எழுதித்தரும் விற்றமினை எல்லாம் சந்தேகித்திருக்கிறேன். அந்தச் சிவப்புப் பேனையைச் சந்தேகிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கையை நீட்டினேன்.

பெப்ரவரி 13, வியாழன்

ஒன்பது பிழை. அதில் எட்டு சரி என்று எனக்குத் தெரியும். கையை நீட்டினேன்.

பெப்ரவரி 20, வியாழன்

மதியம் மகள் அபிரா கல்கரியிலிருந்து தொலைபேசி எடுத்தாள். நாலு வருடமாக அப்பாவோடு பேசுவதில்லை. வீட்டுக்கு எடுக்கமாட்டாள், இங்கேதான் எடுப்பாள். கை எப்படி என்று கேட்டாள். மார்லீன் சொல்லியிருக்க வேண்டும், இரண்டு பேரும் எப்போது பழக்கமானார்கள் என்று தெரியவில்லை. போத்தல் உடைந்தது, அதற்கு முதல் ஐஸில் விழுந்தது என்று சொன்னேன். பிறகு, “அம்மா, நீங்கள் எப்ப விழாமல் இருந்தனீங்கள்?” என்றாள்.

இயந்திரம் நின்றுவிட்டது, போக வேண்டும் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

இரத்த அழுத்தம் பார்க்க என்று சொல்லி நேற்று இவரைக் கிருபாகரனிடம் கூட்டிப்போனேன். போவதற்கு முதல் தொலைபேசியில் பிழையான பக்கங்களைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அடிகளைப் பற்றிச் சொல்லவில்லை.

வைத்தியர் வழக்கம்போல உள்ளங்கைகளை நீட்டிக்கொண்டு, “சேர், இண்டைக்கு எத்தனை?” என்று வரவேற்றார். இவருக்குச் சந்தோசம். அழுத்தம் பார்த்தார். பேச்சுவாக்கில், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு போகச் சொன்னார். எனக்கே கணக்குக் கேட்கிறாயோ என்று இவர் சிரித்தார். தொண்ணூற்று மூன்று என்றார். பிறகு எண்பத்து மூன்று. பிறகு திரும்பவும் தொண்ணூற்று மூன்று. மேசையில் விரலால் எழுதிப் பார்த்தார். வைத்தியர், பரவாயில்லை சேர், விடுவம் என்றார். விடுவம் என்ற சொல்தான் இவரைக் கிளப்பியது.

எழும்பி அறைந்தார். காதோடு சேர்த்து. கண்ணாடி பறந்து மேசைக்குக் கீழே போனது. இரண்டாவது முறை ஓங்கினார். நாற்பத்தாறு வயது வைத்தியர், கழுத்தில் குழாயோடு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு எழும்பி நின்றார். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்” என்றார். வெளியே இருந்த பெண் கதவைத் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அவளை அனுப்பிவிட்டார். அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காது சிவந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மோதிக்கொண்டேன். முன்பல் ஒன்று ஆடுகிறது.

மார்ச் 17, திங்கள்

கிருபாகரன் வேலை இடத்துக்கு எடுத்தார். இவருடைய மூளையைப் படம் பிடித்ததன் முடிவு வந்துவிட்டது. மூளையின் முன்பக்கம் சுருங்குகிறதாம். கணக்கும் போகும், கோபத்தைப் பிடித்துவைக்கும் பலமும் போகுமாம். எப்போது தொடங்கியிருக்கும் என்று கேட்டேன். ஒரு வருடம், கூடிப்போனால் ஒன்றரை என்றார். “அக்கா, அண்டைக்கு அடிச்சது சேர் இல்லை. வருத்தம்தான் அடிச்சது. நீங்கள் மனசிலை வைச்சிருக்காதேங்கோ.”

நன்றி சொன்னேன். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம்.

மார்ச் 19, புதன்

நேற்று மூன்றரைக்கே வேலை முடிந்தது. வீட்டுக்குள் போனபோது இவர் குசினி மேசையில் என் கொப்பியைத் திறந்துவைத்துத் தானே கணக்குச் செய்துகொண்டிருந்தார். நான் வந்தது தெரியவில்லை. எழுதினார், அழித்தார், எழுதினார். தாள் கிழிந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தார். எழும்பி நின்றார். இடது கையை நீட்டினார். உடைந்த அடிமட்டத் துண்டை வலது கையால் எடுத்து அந்த உள்ளங்கையில் அடித்தார். நன்றாக ஓங்கித்தான் அடித்தார். ஒவ்வொரு கணக்காகப் பார்த்துப் பார்த்து அடித்தார். பித்தளை விளிம்பு பட்ட இடத்தில் இரத்தம் வந்தது.

பத்து. கதவடியில் நின்று எண்ணினேன். தடுக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

எனக்கு இப்போது பத்துக்குப் பத்து வருகிறது. இவர் திருத்துவதில்லை, நானே விடையைப் பார்த்துத் திருத்துகிறேன். இவர் எதிரில் இருந்து பார்க்கிறார். நேற்றுத் திடீரென்று எழும்பி எனக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். “எத்தினை பிழை ரீச்சர்?” என்று கேட்டார். பிழை இல்லை, இருங்கோ என்றேன். இருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கதிரையைத் தூக்கி அடுப்பின் மேல் எறிந்தார். கொதித்த பருப்பு என் காலில் ஊற்றுப்பட்டது. இது உண்மையாகவே பருப்புத்தான்.

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். ‘இது உண்மையாகவே’ என்று ஏன் எழுதினேன்?

மார்ச் 27, வியாழன்

நேற்றுப் பின்னேரம் இவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடது உள்ளங்கை வீங்கி, விரல்கள் மடங்கவில்லை. ஐஸ் வைத்தேன். கஞ்சி தீத்திவிட்டேன். அமைதியாகக் குடித்தார்.

நேற்றுக் கணக்குச் செய்யவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

நாளை தேர்வு. மார்லீன் காலை எட்டரைக்கு வந்து ஏற்றிப்போவாள். அடையாள அட்டையும் இரண்டு பென்சிலும் இங்கே அலுமாரியில்தான் இருந்தன. பையில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து முதலாம் வகுப்புப் பிள்ளையினுடையது மாதிரி இருக்கிறது. வேலைக்கு வரவில்லை, இந்தப் புத்தகத்தை எடுக்க வந்தேன்.

சனிக்கிழமை சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது இவர் அறையிலிருந்து வந்தார். நல்ல தெளிவான முகம். “எங்கை வெளிக்கிடுறீர்?” என்றார். தேர்வுக்கு என்றேன். “ஆரைக் கேட்டு?” வருத்தம் கூடிய இந்தக் கொஞ்ச நாளில் கேட்காத குரல். எனக்குப் பழக்கமான பழைய குரல் அது. கதவைத் திறந்தேன். வலது கை கதவு நிலையில் இருந்தது. பார்த்துத்தான் அடித்துச் சாத்தினார். இழுத்து எடுக்கமுதல் இன்னொரு முறை சாத்தினார். இரண்டு விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இடது கையால் பையைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கி ஓடினேன்.

மார்லீன் நேரே ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினாள். முதல் தேர்வு என்றேன். திட்டினாள். தன் கழுத்துச் சால்வையால் கையைக் கட்டிவிட்டுத் தேர்வு மண்டபத்தில் இறக்கினாள்.

கணினித் தேர்வு. சுட்டியை இடது கையால் நகர்த்தினேன். செய்கை பார்க்கத் தந்த தாளில் ஒன்றும் எழுத முடியவில்லை. பதினான்காவது கேள்வி: 5/6 − 1/4. தரப்பட்ட நாலு விடைகளில் ஒன்று 2. மேலிருந்து மேல், கீழிருந்து கீழ். கேள்வி போட்டவருக்கு மனிதர் எங்கே பிழைவிடுவார் என்று தெரிந்திருக்கிறது. கண்ணை மூடிச் சலவைத்தூள் மட்டையைப் பன்னிரண்டு கட்டமாக்கினேன். பத்து. அதில் மூன்று போக ஏழு. பன்னிரண்டில் ஏழு. வலியில் வாய்வரை சத்தி வந்தது, விழுங்கினேன். எண்பது கேள்வியும் செய்தேன்.

திரையிலேயே முடிவு வந்தது. 76.

பிறகு ஆஸ்பத்திரி. எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார்கள்: வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை இல்லை என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் வந்தார்கள். ஒரு பொலிஸ்காரி, ஒரு சமூக சேவை உத்தியோகத்தர். இவர் இப்போது மூளை வருத்தக்காரரின் பிரிவில் இருக்கிறார். நான் மார்லீன் வீட்டின் நிலக்கீழ் அறையில். உத்தியோகத்தர் திகதிகள் கேட்டார். என்னிடம் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

இன்று அதைத் திறந்து வாசிக்கிறேன். எல்லா இடத்திலும் நான் விழுந்திருக்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் கிருபாகரன் எடுத்தார். பொலிஸ்வரை போகத்தான் வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சேருடைய பெயர் என்ன ஆகும் என்றார். “அது வருத்தம் செய்தது அக்கா.”

“கிருபா, போன மாதம் உங்கடை காதிலை அடிச்சது வருத்தம் எண்டே வைப்பம். ஏழாம் வகுப்பிலை உங்கடை விரலை முறிச்சது ஆர்?”

அவர் தானே தொலைபேசியை வைத்துவிட்டார்.

இருபத்தைந்து வருடம் சய ஒன்றரை வருடம். இதற்குப் பகுதியை ஒன்றாக்கத் தேவையில்லை.

மார்லீனிடம் சிவப்புப் பேனை ஒன்று வாங்கினேன். திருத்துகிறேன்.

பெப்ரவரி 3. ஐஸ் இல்லை. நான் விழவில்லை. தலைமயிரைப் பிடித்து மேசை விளிம்பில் இடித்தார். ஆறாவது கணக்கு. என் விடை சரி.

பெப்ரவரி 11. போத்தல் உடையவில்லை. அடிமட்டம் என் மணிக்கட்டில் உடைந்தது. உடைந்த பிறகும் அந்தத் துண்டால் அடித்தார். வெட்டியது பித்தளை விளிம்பு.

மார்ச் 4. நான் மோதவில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவைத் திறந்து, என் முகத்தைப் பிடித்துவைத்துச் சாத்தினார். இரண்டு தரம். பிள்ளை அபிராவுக்குப் பதினாறு வயதில் அறைக் கதவில் நடந்ததும் இதேதான். அதை நான் எங்கும் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

இவ்வளவோடு பேனையை மூடி வைத்தேன். தேநீர் போட்டுக் குடித்தேன். மார்லீனிடம் கல்லூரியிலிருந்து வந்த படிவங்களைக் காட்டினேன். முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்கப் போகிறவர்கள் பொலிஸ் சான்றிதழ் ஒன்று கொடுக்க வேண்டும். தன் பொறுப்பில் இருக்கிற ஒருவருக்குக் கெடுதல் செய்தவர் இல்லை என்று அது சொல்ல வேண்டும். உன்னிடம் என்ன இருக்கப்போகிறது, வந்துவிடும் என்றாள் மார்லீன்.

உத்தியோகத்தர் நாலு மணிக்கு வருவார். புத்தகத்தை இப்படியே கொடுக்கலாம். இவருக்கு அந்த நாள் நினைவில் இருக்காது. வேறு யாரும் பார்க்கவில்லை. மார்ச் 27 என்ற பக்கத்தை மூன்று தரம் திருப்பிப் பார்த்தேன்.

பேனையைத் திறந்தேன்.

மார்ச் 27. அவர் வழுக்கி விழவில்லை. முதல் நாள் பின்னேரம் கையை நீட்டிக்கொண்டு வந்து, எத்தினை பிழை ரீச்சர் என்று கேட்டார். பத்தொன்பது என்றேன். உடைந்த அடிமட்டத்தை எடுத்தேன். ஐந்தாவதில் அழத் தொடங்கினார். கையை இழுக்கவில்லை. நான் நிறுத்தவில்லை. பத்தொன்பதும் அடித்தேன், எண்ணி.